நாய்க்குப் போய் கரண்ட் வைப்பதா?

புற்றுநோய் வந்த நாய்க்கும் பூனைக்கும் கதிர்சிகிச்சை கொடுப்பது கொடுமை என்று பெரும்பாலானவர்கள் நம்புகிறார்கள். விலங்குகள்மேல் அக்கறை இல்லாதவர்கள் மட்டும் இப்படிச் சொன்னால் கடந்து போய்விடலாம். நாயைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்ப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். அவர்களுக்கு யோசனை சொல்லும் மருத்துவர்களில் சிலரும் இதையே சொல்கிறார்கள். இது தவறான கருத்து. வெறும் கருத்தாக நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அது விலங்குகளின் வலியை நீட்டிக்கொண்டிருக்கிறது.

அவர்கள் தரப்பை அவர்களுடைய வலுவோடே சொல்லிவிடுகிறேன். வாயில்லா ஜீவன் அது. எதற்காகத் தன்னைத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டு மயக்குகிறார்கள் என்று அதற்குத் தெரியாது; வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. மனிதர்களையே உருக்குலைத்துப்போடுகிற சிகிச்சை. இவ்வளவு பட்டும் கிடைப்பது ஒரு வருஷம். அந்த வருஷமும் பிரிய மனசில்லாத நமக்காகத்தான், நாய்க்காக இல்லை. ஆகிற செலவில் மனித உயிர்களைக் காப்பாற்றலாம். ஆகவே அதை அதன் போக்கில் விட்டுவிடுவதே அன்பு.

இதில் கருணை இருக்கிறது. நானும் பல வருஷம் இதையே சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் இந்த வாதங்களைத் தனித்தனியே எடுத்து நிறுத்திப் பார்த்தால், ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டுதான் அவை இதுவரை நின்றிருக்கின்றன என்பது தெரிகிறது.

1. கதிர்சிகிச்சை சித்திரவதை என்கிறார்கள். எந்தக் கதிர்சிகிச்சை?

நம் ஊரில் இதற்கு மக்கள் வைத்த பெயர் ‘கரண்ட் வைப்பது’. பெயரிலேயே பயம் ஏறியிருக்கிறது. கழுத்துத் தோல் கறுத்து உரிந்து, வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் கிடந்த ஒரு பெரியப்பாவோ சித்தியோ பல குடும்பங்களின் நினைவில் இருக்கிறார்கள். கோபால்ட் கருவிகளின் காலத்தில் கட்டியை நோக்கிப் போன கதிர், போகும் வழியில் இருந்த நல்ல சதையையும் சுட்டுக்கொண்டே போயிற்று. அந்த நினைவு பொய் இல்லை. அதை வைத்து இன்றைய துல்லியக் கதிர்சிகிச்சையை எடைபோடுவதுதான் பிழை.

இன்று என்ன நடக்கிறது? விலங்கை மயக்கி, தலையோ காலோ அசையாதபடி அதன் உடம்புக்கென்றே செய்த அச்சில் பொருத்துகிறார்கள். தலையில் கட்டி என்றால், பல்வரிசையின் அச்சை எடுத்து அதைக் கடித்தபடி இருக்குமாறு வைப்பதுண்டு. சிடி ஸ்கேனில் கட்டி எது, கண் எது, மூளை எது என்று ஒவ்வொரு படத்திலும் மருத்துவர் எல்லை வரைகிறார். எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு கதிர் வர வேண்டும் என்று கணினி கணக்கிடுகிறது. லீனியர் ஆக்சிலரேட்டரின் வாயில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. அவை நகர்ந்து நகர்ந்து, கதிரைக் கட்டியின் வடிவத்துக்கே வெட்டிக் கொடுக்கின்றன. பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் கட்டியில் கூடும்போதுதான் முழு வீரியம் பெறுகின்றன. ஒவ்வொரு முறையும் கதிரைப் போடுவதற்கு முன் கருவியிலேயே மறுபடியும் ஸ்கேன் எடுத்து, நேற்றைய இடமும் இன்றைய இடமும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிறார்கள். தவறு இங்கே மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது.

இந்தத் துல்லியத்தால் விலங்குக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் ஒரு தெளிவான விடை வைத்திருக்கிறார்கள். நாய்களுக்கு மூக்குக்குள் வரும் கட்டி கண்களுக்கு நடுவிலும் மூளைக்கு முன்னாலும் உட்கார்ந்திருக்கும். பழைய முறையில் கதிர் கொடுத்தால் கட்டி சுருங்கும். கூடவே கண்ணீர் வற்றும், கருவிழி புண்ணாகும், கண்புரை வரும், சில நாய்களுக்குப் பார்வையே போகும். 2010இல் வெளியான அவர்களின் ஆய்வில் 31 நாய்களுக்கு, மேலே சொன்னபடி கதிரைக் கட்டியின் வடிவத்துக்கு வெட்டும் செறிவு மாற்றிய கதிர்முறையில் 10 தடவையாக மொத்தம் 42 கிரே (கதிர் அளவின் அலகு) கொடுத்தார்கள். பழைய முறையில் சிகிச்சை பெற்ற நாய்களோடு ஒப்பிட்டபோது வாழ்நாள் ஏறக்குறைய அதேதான் இருந்தது. கண் பாதிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது.

வாழ்நாள் கூடவில்லையே, பிறகு என்ன பயன் என்று கேட்பவர்கள் தங்கள் வாதத்தைத் தாங்களே மறந்துவிடுகிறார்கள். நாய் கஷ்டப்படுகிறது என்பதுதானே குற்றச்சாட்டு? அதே வாழ்நாளைக் கண்ணோடு வாழ்கிறது என்றால் அந்தக் குற்றச்சாட்டுக்கு அதைவிட நேரான பதில் வேறு எது? இந்தக் கருவிகள் முதலில் கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையைக் காப்பாற்றத்தான் உண்டாக்கப்பட்டன. கூடுதல் ஆயுள் கிடைத்தால் அது அதற்கு அடுத்தபடி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். உடம்பு முழுக்க முடி கொட்டுவது, ஓயாத வாந்தி இரண்டும் கீமோ மருந்துகளோடு சேர்த்து நாம் கேள்விப்பட்டவை. கதிர் பட்ட இடத்தில் மட்டுமே வேலை செய்கிறது. அந்த இடத்தில் தோல் சிவக்கலாம், முடி உதிர்ந்து பிறகு வெள்ளையாக முளைக்கலாம், வாய்க்குள் சில வாரம் புண் இருக்கலாம். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதும் இல்லை. சிகிச்சை முடிந்து வீடு வந்த நாயைக் குழந்தைகள் அன்றே கட்டிப்பிடிக்கலாம்.

2. திரும்பத் திரும்ப மயக்கம் கொடுப்பது கொடுமை என்கிறார்கள்.

இந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. முழுச் சிகிச்சை என்றால் மூன்று நான்கு வாரத்தில் 15 முதல் 20 தடவை. ஒவ்வொரு தடவையும் வெறும் வயிறு, கார் பயணம், புது மனிதர்கள், மயக்கம். பயந்த சுபாவமுள்ள பூனைக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்த மயக்கம் அறுவைக்குக் கொடுப்பது போன்றதில்லை. கத்தி படுவதில்லை, விழித்தபின் வலி இல்லை. பெரும்பாலான விலங்குகள் அன்று சாயங்காலமே வீட்டில் சாப்பிடுகின்றன.

துல்லியம் கூடக் கூடத் தடவைகளும் குறைந்திருக்கின்றன. அதைச் சொல்லாமல் மயக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவது சரியாகாது. ஸ்டீரியோடாக்டிக் முறையில், நல்ல சதையை விலக்கிவிட முடிவதால், ஒரே தடவையில் பெரிய அளவு கொடுத்து ஒன்று முதல் ஐந்து தடவைக்குள் முடித்துவிடுகிறார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மூளைக் கட்டி, பிட்யூட்டரி கட்டி, மூக்குக் கட்டி ஆகியவற்றுக்கு இன்று இதுவே வழக்கம்.

இதற்கும் ஒரு விலை உண்டு என்பதை ஒளிக்கக் கூடாது. ஒரு தடவைக்கான அளவு பெரிதாக ஆக, மாதங்கள் கழித்து வரும் பாதிப்புக்கான அபாயமும் ஏறுகிறது: எலும்பு செத்துப்போவது, மூக்குக்கும் வாய்க்கும் நடுவே ஓட்டை விழுவது போன்றவை. கண்ணுக்குத் தெரியும் கட்டி இருந்தால்தான் இந்த முறைக்குக் குறி கிடைக்கும். அறுவையில் கட்டியை எடுத்தபின் ஓரத்தில் தங்கிவிட்ட நுண் செல்களுக்குப் பழையபடி சின்னச் சின்ன அளவாகப் பல தடவை கொடுப்பதே நல்லது. நாய்த் தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டிகளில், முழுசாக எடுக்க முடியாமல் போன நடுத்தர வகைகளுக்கு அப்படிக் கொடுத்தால், பெரும்பாலான நாய்களுக்கு அதே இடத்தில் கட்டி திரும்புவதே இல்லை. எத்தனை தடவை என்பது நோயைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது. அதை வைத்துச் சிகிச்சை முழுவதையும் தள்ளிவிட முடியாது.

3. ஒரே ஒரு வருஷம்தானே?

யாருடைய வருஷம் என்று கேட்க வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வருஷமே வாழும் உயிருக்கு ஒரு வருஷம் என்பது அதன் ஆயுளில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அறுபது வயதுக்காரருக்கு ஆறு வருஷம் கிடைக்கும் என்று மருத்துவர் சொன்னால், வெறும் ஆறு வருஷம்தானே என்று நாம் எழுந்து வந்துவிடுவோமா?

மூக்குக் கட்டியையே எடுத்துக்கொள்வோம். சிகிச்சை கொடுக்காத நாய்களை ஆராய்ந்த 2006ஆம் வருஷத்துக் கணக்கில், பாதி நாய்கள் 95 நாளுக்குள் இறந்துவிட்டன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. கதிர்சிகிச்சை பெற்றவை பொதுவாக ஒரு வருஷத்தை எட்டுகின்றன, பல அதைத் தாண்டுகின்றன. மூன்று மாதமும் ஒரு வருஷமும் ஒன்றில்லை.

பூனைகளிடம் வித்தியாசம் இன்னும் பெரிது. பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு சின்னக் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பூனைக்குச் சர்க்கரை நோய் வரும். எவ்வளவு இன்சுலின் போட்டாலும் சர்க்கரை இறங்காது. பசி அடங்காத, முகம் அகன்றுபோன, நடக்கத் தடுமாறும் பூனைகள். கொலராடோவில் இப்படிப்பட்ட 53 பூனைகளுக்கு ஸ்டீரியோடாக்டிக் கதிர் கொடுத்தார்கள். இன்சுலின் விவரம் தெரிந்தவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் தேவை குறைந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இன்சுலினே தேவைப்படாத நிலைக்கு வந்தன. தினம் இரண்டு ஊசி நின்றுபோவது அந்தப் பூனையின் அன்றாடத்தில் எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை ஊசி போட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

எல்லா நோய்க்கும் இப்படி இல்லை. பூனையின் நாக்கடியில் வரும் செதிள் புற்றுநோயைக் கதிரால் இன்றும் வெல்ல முடியவில்லை. சிகிச்சை கொடுத்தும் பெரும்பாலானவை சில மாதங்களில் போய்விடுகின்றன. அப்படிப்பட்ட பூனைக்குப் பெரிய கருவியைக் காட்டி நம்பிக்கை விற்கும் மருத்துவர் செய்வது தவறு. அங்கே என் எதிர்த்தரப்பினரோடு நானும் நிற்பேன். ஒரு நோய்க்குச் சரியான தீர்ப்பை எல்லா நோய்க்கும் எழுதிவிடுகிறார்களே, அங்கேதான் பிரிகிறோம்.

4. அதன் போக்கில் விட்டுவிடுவோம் என்கிறார்கள். அந்தப் போக்கைப் பார்த்திருக்கிறார்களா?

விட்டுவிடுவது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது போலத் தோன்றும். நாய்க்கு அது நாளுக்கு நாள் நடக்கிற ஒரு விஷயம். மூக்குக் கட்டியை விட்டுவிட்டால் மூச்சுவிட இடம் இல்லாமல் வாயைத் திறந்தபடி தூங்க முயலும். தும்மும்போதெல்லாம் ரத்தம் சுவரில் தெறிக்கும். முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் பிதுங்கும். பெரிய ஜாதி நாய்களுக்குக் காலில் வரும் எலும்புப் புற்றுநோய், விலங்கு மருத்துவம் அறிந்த வலிகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று. நாய் கத்தாது. நொண்டும், சாப்பாட்டைத் தள்ளிவைக்கும், மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அமைதியாகப் படுத்திருக்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த எலும்புக் கட்டிக்குக் காலை எடுப்பது முக்கியமான வழி. மூன்று காலோடு நாய்கள் நன்றாகவே ஓடுகின்றன. ஏற்கெனவே இன்னொரு கால் கெட்டுப்போன நாய்க்கோ, உடம்பு தாங்காத நாய்க்கோ அது முடியாதபோது கதிர் வலியை அடக்குகிறது. நோயை ஒழிக்கும் நோக்கமே இல்லாமல் வலிக்காக மட்டும் சில தடவை கொடுக்கும்போதும் நான்கில் மூன்று நாய்களுக்கு வலி குறைகிறது. 2004இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் காலை எடுக்காமலே 11 நாய்களுக்குத் துல்லியக் கதிர் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார்கள். நடுத்தர வாழ்நாள் 363 நாள். கதிர் பட்ட எலும்பு பிறகு முறியலாம் என்பது இந்த முறையின் பெரிய குறை. நுரையீரலுக்குப் பரவியதை அது தொடுவதும் இல்லை. இவற்றைச் சொல்லித்தான் முடிவெடுக்க வைக்க வேண்டும்.

வலியில்லாமல் கருணைக்கொலை செய்துவிடுவதே மேல் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. பல சமயம் அதுதான் சரி. ஆனால் சிகிச்சை கொடுமை என்பவர்களில் பலருக்கு அந்த ஊசியும் பாவம். சிகிச்சையும் இல்லை, முடிவும் இல்லை. நடுவில் இருக்கிற மூன்று மாதத்தை நாய் தனியாகக் கடக்கிறது.

5. சம்மதம் இல்லாமல், நமக்காகத்தானே செய்கிறோம்?

நாய் எதற்குத்தான் சம்மதம் சொல்லியிருக்கிறது? வெறிநோய்த் தடுப்பூசிக்கு? கருத்தடைக்கு? கழுத்துப் பட்டைக்கு? சிகிச்சைக்குச் சம்மதிக்காத அதே நாய் சிகிச்சையின்மைக்கும் சம்மதிக்கவில்லை. கைக்குழந்தைக்குப் புற்றுநோய் வந்தாலும் அதனிடம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அதன் நன்மை எது என்று நாம் யோசிக்கிறோம்.

தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாததைக் குறையாகச் சொல்கிறார்கள். அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். புற்றுநோய் என்ற சொல்லின் பாரம் நாய்மேல் இல்லை. ராத்திரி விழித்துக்கொண்டு பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்து அது அழுவதில்லை. மனிதருக்கு இந்தச் சிகிச்சைக் காலத்தை நரகமாக்குவதில் பெரும்பங்கு அந்த மனப்பாரம்தான். நாய்க்கு இருப்பது இன்றைய நாள்: இன்று வலிக்கிறதா, இன்று மூச்சு வருகிறதா, இன்று வாசலுக்கு ஓட முடிகிறதா. சிகிச்சையை அந்த நாள்களால் அளந்தால், மோசமான சில வாரங்களுக்கு எதிரே நல்ல பல மாதங்கள் நிற்கின்றன. அப்படி நல்ல மாதங்கள் கிடைக்காத நோய்களில் கொடுக்க வேண்டாம்.

6. அந்தப் பணத்தை மனிதர்களுக்குக் கொடுக்கலாமே?

அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்குப் பல ஆயிரம் டாலர் ஆகிறது. பெரிய தொகை, பெரும்பாலானவர்களால் முடியாது. முடியாதவர் குற்ற உணர்வில் வாடத் தேவையில்லை. ஆனால் நாய்க்குச் செலவழிக்காமல் விட்ட பணம் புற்றுநோய் மருத்துவமனைக்கு நன்கொடையாகப் போய்ச் சேர்வதை நான் பார்த்ததில்லை. இந்தக் கேள்வி வீடு கட்டுபவரிடமோ கல்யாணம் நடத்துபவரிடமோ எழுவதும் இல்லை.

நாய்க்குச் செய்தது மனிதருக்குப் பயன்படாமலும் போகவில்லை. விஸ்கான்சினின் மாடிசனில் தாமஸ் ராக்வெல் மேக்கியின் குழு உருவாக்கிய டோமோதெரபி என்ற கதிர்க் கருவியின் தொடக்க காலத்திலேயே, மூக்குக் கட்டி வந்த வளர்ப்பு நாய்கள் அதில் சிகிச்சை பெற்றன. இன்று உலகெங்கும் மனிதர்கள் அந்தக் கருவியில் படுக்கிறார்கள். கொலராடோவில் ஸ்டீஃபன் வித்ரோவின் குழு நாய்களுக்குக் காலைக் காப்பாற்றும் அறுவை முறைகளைச் செப்பனிட்டபோது அந்த அறிவு எலும்புப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. நாய்களில் பலன் காட்டிய மிஃபாமுர்டைட் என்ற மருந்து 2009இல் ஐரோப்பாவில் அந்தப் பிள்ளைகளுக்காக அனுமதிக்கப்பட்டது. நாய்க்குத் தானாக வரும் புற்றுநோய் நம்முடையதைப் போலவே வளர்கிறது, பரவுகிறது. ஆய்வுக்கூடத்து எலியிடம் அது கிடைக்காது.

ஒன்றை மட்டும் தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். இந்தியாவில் மனிதர்களுக்கே கதிர்க் கருவிகள் போதவில்லை. வரிசையில் நோயாளிகள் காத்திருக்கும் கருவியில் நாயைப் படுக்கவைக்கக் கூடாது. விலங்குகளுக்கென்று தனிக் கருவி வேண்டும் என்பதற்குத்தான் அது காரணமாகிறது. கால்நடை மருத்துவம் கற்பிக்கும் பெரிய கல்லூரிகள் அதைக் கேட்டுப் போராட வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக, சிகிச்சை கொடுமை என்ற இந்தக் கருத்து தன்னைத் தானே எப்படி நிரூபித்துக்கொள்கிறது என்று பாருங்கள். மூக்குக் கட்டிக்குக் கதிர் பெற்ற நாய்களை நோயின் நிலைப்படி பிரித்த 2009ஆம் வருஷத்து ஆய்வு ஒன்று உண்டு. கட்டி ஒரு பக்கத்து மூக்குக்குள்ளேயே, எலும்பை அரிக்காமல் இருந்த நாய்களின் நடுத்தர வாழ்நாள் சுமார் 23 மாதம். மூக்குக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள சல்லடை எலும்பை அரித்துவிட்ட பிறகு வந்தவற்றுக்கு 7 மாதத்துக்கும் குறைவு. எப்படியும் சிகிச்சை கொடுக்கப்போவதில்லை என்று முன்பே தீர்மானித்தவர் ஸ்கேன் எடுப்பதில்லை, சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பதில்லை. நோய் முற்றுகிறது. நாய் சீக்கிரம் போகிறது. பார்த்தீர்களா, என்ன செய்திருந்தாலும் பிழைத்திருக்காது என்கிறோம்.

எங்கள் நாய் பிரௌனிக்குப் பத்து வயது. வலது மூக்கில் மட்டும் ரத்தம் வந்தது. நம் ஊரில் நாய்க்கு மூக்கில் ரத்தம் என்றால் முதலில் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகிப்பார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். ரத்தம் நின்றது, திரும்ப வந்தது, மறுபடி மாத்திரை. ஒரே பக்கம் வருகிறதே, ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டேன். இந்த வயசில் எதற்கு அதைத் தொந்தரவு பண்ணுகிறீர்கள், புற்றுநோயாகவே இருந்தாலும் என்ன செய்யப்போகிறீர்கள் என்றார் மருத்துவர். கனிவாகத்தான் சொன்னார். எனக்கும் அது சரி என்றே பட்டது. ரத்தம் முதலில் சொட்டியது சித்திரையில். ஸ்கேன் எடுத்தது ஆவணியில். படத்தில் சல்லடை எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இல்லை.